கட்டுரைப் பிழை நீக்கம்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கல்லூரியில் ஒப்படைப்பாகக் கேட்கப்படும் கட்டுரை சரியாக வரவில்லை என்று உணரும் மாணவர், பெரும்பாலும் தாம் கடைசியாக எழுதிய வாக்கியத்திலிருந்தே திருத்தத் தொடங்குகிறார். சொல்லை மாற்றுகிறார், பத்தியைப் பிரிக்கிறார், முன்னுரையை மறுபடி எழுதுகிறார், கட்டுரையோ தேறுவதில்லை. ஒரு கட்டுரையில் பிழை கண்ணுக்குத் தெரியும் இடமும் அது பிறந்த இடமும் வேறு வேறாக இருப்பதே இதற்குக் காரணம். முடிவுரையில் தெரியும் குறை, வினாவைப் படித்த முதல் நாளிலேயே நேர்ந்ததாக இருக்கலாம். பத்திகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பதற்கு, நூலகத்தில் குறிப்பெடுத்த முறை காரணமாக இருக்கலாம். ஆகவே இந்த வழிமுறையை அறிகுறிகளின்படி அமைத்திருக்கிறேன். உங்கள் கட்டுரையில் காணும் அறிகுறிக்குரிய பகுதிக்குச் சென்று, அங்கே சொல்லப்படும் சோதனையைச் செய்து பாருங்கள். பிழை எந்தப் படியில் பிறந்தது என்று தெரிந்ததும் அந்தப் படிக்கே திரும்பிப்போய், அங்கிருந்து மீண்டும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

படிகள் என்று நான் சொல்பவை: வினாவைப் புரிந்துகொள்ளுதல், வாசித்துக் குறிப்பெடுத்தல், மைய வாதத்தை ஒரு வாக்கியத்தில் வகுத்தல், பத்திகளின் வரிசையைத் திட்டமிடுதல், முதல் வரைவு எழுதுதல், அமைப்பைத் திருத்துதல், கடைசியாக மொழியைத் திருத்துதல். முதல் வரைவை எழுதும்போதுதான் மைய வாதம் பிசகியிருப்பது பலருக்குத் தெரியவருகிறது. அப்போது இரண்டு படி இறங்கிப் போவதை யாரும் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை. நன்றாக எழுதுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

இந்தப் பழுதுகளுக்குத் தமிழில் பழைய பெயர்கள் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைக் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச் சொற்புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை என்று அடுக்குகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து தேர்வோடு மறந்துவிட்ட அந்தப் பட்டியல், இன்றைய கல்லூரிக் கட்டுரைக்கு அப்படியே பொருந்துவதை ஒவ்வொரு பருவத்திலும் தாள்களைத் திருத்தும்போது காண்கிறேன். “கட்டுரை சரியில்லை” என்று எழுதுவதைவிட, “இங்கே மற்றொன்று விரித்தல் நேர்ந்திருக்கிறது” என்று எழுதினால், எதை நீக்க வேண்டும் என்பது மாணவருக்கு உடனே விளங்குகிறது.

வழிமுறை முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். வரலாற்றுத் துறை இளங்கலை மாணவர் ஒருவருக்குத் தரப்பட்ட வினா இது: “1876–78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் நேர்ந்த பஞ்சத்தின்போது அரசு மேற்கொண்ட நிவாரணக் கொள்கையை மதிப்பிடுக.” மக்கள் வழக்கில் தாது வருடப் பஞ்சம் என்று வழங்குவது இதுதான். கட்டுரையின் அளவு 2000 சொற்கள். தரப்பட்ட காலம் மூன்று வாரம்.

அறிகுறி: உட்கார்ந்து ஒரு மணி நேரமாகியும் முதல் வரி வரவில்லை

நூல்களை மூடிவிட்டு, வினா என்ன கேட்கிறது என்பதை அருகில் இருப்பவரிடம் பேச்சு வழக்கிலேயே சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையென்றால் பழுது முதல் படியில் இருக்கிறது. வினாவைச் சொல்ல வருகிறது, ஆனால் அதற்கு மறுமொழியாக இரண்டு செய்திகளுக்கு மேல் நினைவுக்கு வரவில்லையென்றால் வாசிப்புப் போதவில்லை. மேசையை விட்டு எழுந்து நூலகத்துக்குப் போவதுதான் அதற்கு மருந்து. இரண்டும் தடையின்றி வருகின்றன, தாளில் மட்டும் வரவில்லையென்றால், நீங்கள் முன்னுரையிலிருந்து தொடங்க முயல்கிறீர்கள் என்று பொருள். இன்னும் எழுதப்படாத ஒன்றை அறிமுகம் செய்ய யாராலும் இயலாது. உங்களுக்கு மிகத் தெளிவாகத் தெரிந்த பத்தி எதுவோ அதை முதலில் எழுதுங்கள். முன்னுரையைக் கடைசி நாளுக்கு விட்டுவிடுங்கள்.

வினாவின் ஏவல் வினையை மாணவர்கள் போதுமான அளவு கவனிப்பதில்லை. “விவரிக்க” என்றால் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும்; “ஒப்பிடுக” என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலின்கீழ் வைத்துக் காட்ட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் இருப்பது “மதிப்பிடுக” என்பதால், எதை வைத்து மதிப்பிடுவது என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் ஒரு பத்தியும் எழுத முடியாது. காக்கப்பட்ட உயிர்களை வைத்தா, அரசு தனக்கென்று வகுத்துக்கொண்ட நோக்கங்களை வைத்தா, அக்காலத்தில் கிடைத்திருந்த மருத்துவ அறிவை வைத்தா, அதற்கு முந்தைய பஞ்சத்தில் அதே அரசு நடந்துகொண்ட விதத்தை வைத்தா? இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்த அந்தக் கணத்திலேயே எந்த நூலைப் படிக்க வேண்டும், எதைப் படிக்காமல் விடலாம் என்பதில் பாதி தெளிந்துவிடுகிறது.

அறிகுறி: பக்கங்கள் நிறைந்திருக்கின்றன, ஆனால் “வெறும் விவரணை” என்ற குறிப்போடு தாள் திரும்பி வருகிறது

என் அனுபவத்தில் மிகுதியாகக் காணப்படுவதும், மாணவர் மனத்தை மிகவும் புண்படுத்துவதும் இந்த அறிகுறிதான்; உழைத்தவருக்கே இது நேர்கிறது. நன்னூல் இதை “நின்று பயன் இன்மை” என்று சொல்லும்: செய்திகள் நிற்கின்றன, அவற்றால் விளைவதொன்றும் இல்லை. பழுது மூன்றாம் படியில், மைய வாதத்தில் இருக்கிறது.

சோதனை எளிது. கட்டுரையின் மையக் கருத்தை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். பிறகு, செய்திகளை நன்கு அறிந்த, நியாய உணர்வுள்ள ஒருவர் இதை மறுக்கக்கூடுமா என்று கேட்டுப் பாருங்கள். “1876–78 பஞ்சம் மக்களுக்குப் பெருந்துயரம் விளைவித்தது” என்பதை மறுப்பவர் எவரும் இல்லை. மறுக்க ஆளில்லாத கருத்தை நிறுவ 2000 சொற்கள் தேவையில்லை. எனவே அந்த 2000 சொற்களும் விவரணையாகவே போய் முடியும்.

மாணவர் முதலில் எழுதும் வாக்கியம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “நிவாரணக் கூலியைக் குறைத்ததால் ஆங்கிலேய அரசின் கொள்கை தோல்வியுற்றது.” இது முன்னதைவிட மேல், ஏனெனில் இதில் ஒரு காரணம் இருக்கிறது. இனி இதை ஆதாரங்களோடு உரசிப் பார்க்க வேண்டும். அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபுவின் சார்பில் 1877இன் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் உழைக்கும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று வரையறுத்தார். ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்து, குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியமும், அதோடு காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று வாதிட்டார். 1877 மார்ச்சில் சென்னை அரசு அளவை ஒன்றேகால் ராத்தலாக உயர்த்திப் பருப்பையும் சேர்த்தது. இந்த மூன்று செய்திகளையும் அருகருகே வைத்ததும் மாணவரின் வாக்கியம் ஆட்டம் காண்கிறது. கூலியைக் குறைத்தது அரசு என்றால், உயர்த்தியதும் அரசுதானே?

பலர் இந்த இடத்தில் பதற்றமடைந்து, தங்கள் வாதத்துக்கு ஒத்துவராத மார்ச் மாதச் செய்தியை விட்டுவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். உங்கள் வாதத்தை உறுத்தும் செய்திதான் அதைச் செம்மையாக்கும் செய்தி. இங்கே பழுது “அரசு” என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. கல்கத்தாவில் இருந்த மைய அரசு ஒன்று, சென்னையில் பக்கிங்ஹாம் கோமகனின் தலைமையில் இருந்த மாகாண அரசு மற்றொன்று; ஒரே சொல் இரண்டையும் மூடிவைத்திருந்தது. அதைப் பிரித்துவிட்டால் வாக்கியம் இப்படி மாறும்: “எவ்வளவு உணவு இன்றியமையாதது என்பது மாகாணத்தின் சொந்த மருத்துவ அதிகாரியாலேயே 1877இன் தொடக்கத்தில் எடுத்துரைக்கப்பட்டிருந்தும், செலவைச் சுருக்குவதை முதன்மையாகக் கொண்ட மைய அரசுக்கும் பட்டினியை நேரில் கண்ட மாகாண அரசுக்கும் இடையே நிலவிய இழுபறியே நிவாரணத்தின் அளவைத் தீர்மானித்தது.” இதை மறுக்க இடமுண்டு. மாகாண அரசும் போதுமானதைச் செய்யவில்லை என்று ஒருவர் வாதிடலாம். மறுக்க இடமிருப்பதால்தான் நிறுவ வேண்டியிருக்கிறது. நிறுவ வேண்டியிருப்பதால்தான் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வேலை கிடைக்கிறது.

இன்னும் ஆழமாகப் போக விரும்பும் மாணவர் இதே டெம்பிளின் முந்தைய வரலாற்றையும் பார்க்கலாம். 1873–74இல் பீகாரில் நேர்ந்த பஞ்சத்தில் அவர் பர்மாவிலிருந்து பெருமளவு அரிசியை வரவழைத்து நிவாரணம் நடத்தினார். இறப்புகள் மிகக் குறைவாகவே நேர்ந்தன. அதற்காக, மிகையாகச் செலவிட்டவர் என்ற கண்டனத்துக்கு ஆளானார். அதே அதிகாரி மூன்றே ஆண்டுகளில் நேர்மாறாக நடந்துகொண்டார் என்றால், தனிமனிதரின் இரக்கமோ இரக்கமின்மையோ காரணமென்று சொல்வது எளிதல்ல. நல்ல மைய வாதம் இப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான் பிறக்கிறது, “அடடா, இது ஏன் இப்படி?” என்று நீங்களே வியந்த இடத்தைக் குறிப்பேட்டில் வட்டமிட்டு வையுங்கள்.

அறிகுறி: பத்திகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் ஒன்றும் கெடவில்லை

முதல் வரைவை முடித்தபின் ஒரு வெற்றுத் தாளை எடுத்து, ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்பதை ஒரு வாக்கியமாக எழுதி வரிசை எண் இடுங்கள். “இந்தப் பத்தி எதைப் பற்றியது” என்று எழுதக் கூடாது. “இந்தப் பத்தி எதை நிறுவுகிறது” என்று எழுத வேண்டும். “நிவாரண முகாம்கள் பற்றி” என்பது முன்னது. “முகாம்களை மக்களின் ஊர்களிலிருந்து தொலைவில் வைத்தது, நிவாரணம் தேடி வருவோரின் எண்ணிக்கையைக் குறைக்கும் வழியாகவும் அமைந்தது” என்பது பின்னது. எந்தப் பத்திக்கு இப்படி வாக்கியம் எழுத வரவில்லையோ அந்தப் பத்திக்குள் இரண்டு கருத்துகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன, அல்லது ஒன்றுமே இல்லை.

இப்போது மூன்றாவதையும் ஐந்தாவதையும் இடம் மாற்றிப் பாருங்கள். வாசிப்பவருக்கு எந்தத் தடையும் தோன்றவில்லையென்றால் உங்கள் கட்டுரை பட்டியலாக இருக்கிறது. இதற்குப் பெரும்பாலும் இரண்டாம் படியே காரணம்: ஒரு நூலுக்கு ஒரு பக்கம் என்று குறிப்பெடுத்தவர், எழுதும்போதும் ஒரு நூலுக்கு ஒரு பத்தி என்றே எழுதிக்கொண்டு போகிறார். மெட்ராஸ் டைம்ஸ் இதழாசிரியர் வில்லியம் டிக்பி 1878இல் வெளியிட்ட பஞ்ச வரலாற்றுக்கு ஒரு பத்தி, பஞ்ச ஆணையத்தின் அறிக்கைக்கு ஒரு பத்தி, பாடநூலுக்கு ஒரு பத்தி என்று போகும் கட்டுரையை எப்படிக் குலுக்கினாலும் ஒன்றுதான். குறிப்புகளைச் சிறு அட்டைகளில், அட்டைக்கு ஒரு செய்தியாக எழுதி, மேலே நூலின் பெயருக்குப் பதிலாகப் பொருளை இடுங்கள்: கூலியின் அளவு, கட்டுமானப் பணிகள், தானிய வணிகம், நன்கொடை நிதி என்று. நூலும் பக்க எண்ணும் அட்டையின் மூலையில் இருக்கட்டும். பிறகு அட்டைகளைப் பொருள்வாரியாகக் கட்டினால், ஒரே கட்டில் டிக்பியும் அதிகாரிகளும் ஒருவரோடொருவர் வாதாடிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். அந்த வாதாட்டமே உங்கள் பத்தி.

இதே சோதனையில் மற்றொன்று விரித்தலும் பிடிபடும். பஞ்ச நிவாரணப் பணியாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டப்பட்ட கால்வாயைப் பற்றி எழுத வரும் மாணவர், 1806இல் பேசில் காக்ரேன் தனியார் முயற்சியாகத் தொடங்கியது, 1837இல் அரசு எடுத்துக்கொண்டது, 1878இல் பக்கிங்ஹாம் பெயர் சூட்டப்பட்டது, இன்று அக்கால்வாய் கிடக்கும் நிலை என்று ஒரு முழுப் பக்கத்துக்குப் போய்விடுவார். சென்னையில் வளர்ந்தவருக்கு அதன்மேல் ஆர்வம் எழுவது இயல்பே, நானும் அதை அறிவேன். ஆனால் மைய வாதத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: பசித்த உடலிடமிருந்து கடும் உழைப்பைப் பெற்றுக்கொண்டுதான் நிவாரணம் தரப்பட்டது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு, மற்றவற்றை வேறொரு கட்டுரைக்காக எடுத்து வையுங்கள்.

அறிகுறி: பக்கத்துக்குப் பக்கம் மேற்கோள், எழுதியவரின் குரல் கேட்கவில்லை. அல்லது, பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் கட்டுரை அகப்பட்டுக்கொண்டது

இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. குறிப்பெடுக்கும்போது ஆசிரியரின் சொற்களையும் உங்கள் சொற்களையும் பிரித்து வைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துக் குறிப்பைப் பார்க்கும்போது எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது. அச்சத்தில் எல்லாவற்றையும் மேற்கோள் குறிக்குள் போடுவீர்கள், அல்லது நல்லெண்ணத்தோடே பிறர் வாக்கியத்தை உங்களுடையதாக எழுதிவிடுவீர்கள். தாளை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, இடப்புறம் நூலின் சொற்களை மேற்கோள் குறியோடும் பக்க எண்ணோடும், வலப்புறம் அதைப் பற்றி உங்களுக்குத் தோன்றியதை உங்கள் மொழியிலும் எழுதுங்கள். வலப்புறம் காலியாக இருக்கும் மேற்கோளைக் கட்டுரையில் சேர்க்க வேண்டாம். அதைப் பற்றிச் சொல்ல உங்களிடம் இன்னும் ஒன்றுமில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வேடுகளில் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை என்றும், 10 முதல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்கு மேற்படாத காலத்துக்குள் திருத்திய படியைத் தர வேண்டும் என்றும், 40 முதல் 60 வரை இருந்தால் ஓராண்டுக்குத் திருத்திய படியைத் தரத் தடை என்றும், 60க்கு மேல் போனால் பதிவே நீக்கப்படும் என்றும் வகுத்துள்ளன. இளங்கலையில் இருக்கும்போதே இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பழக்கம் இங்கேதான் உருவாகிறது.

தமிழில் எழுதுவோருக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. ஆங்கில நூலின் பத்தியைத் தமிழாக்கி, பெயர் குறிப்பிடாமல் எழுதினால் மென்பொருள் பெரும்பாலும் அதைக் கண்டுபிடிக்காது. ஆனாலும் அது பிறர் சிந்தனையே. மொழி மாறியதால் உரிமை மாறாது. அதோடு, அத்தகைய பத்தி தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்: வினைமுற்று வர வேண்டிய இடத்தில் வராமல், பெயரடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, மற்றப் பத்திகளோடு ஒட்டாத ஒரு நடையில் நிற்கும். படித்ததை மூடிவைத்து, நண்பரிடம் வாய்விட்டுச் சொல்லி, சொன்னதை எழுதி, அடியில் மூலத்தைக் குறிப்பிட்டால் நடையும் சீராகும், நேர்மையும் காக்கப்படும்.

அறிகுறி: ஒரே செய்திக்கு இரண்டு பக்கங்களில் இரண்டு எண்கள்

இது மாறுகொளக் கூறல். இந்தப் பஞ்சத்தில் இறந்தோர் தொகையைச் சில நூல்கள் 55 லட்சம் என்றும், வேறு சில 80 லட்சத்துக்கு மேல் என்றும் தருகின்றன. பிரித்தானியரின் நேரடி ஆட்சிப் பகுதியை மட்டும் எண்ணுவதா, சமஸ்தானங்களையும் சேர்ப்பதா என்பதைப் பொறுத்தும், கணக்கிடும் முறையைப் பொறுத்தும் எண் மாறும். இரண்டில் ஒன்றை அழித்துவிடுவது திருத்தமாகாது. எந்த எல்லைக்குள் எண்ணியது என்பதை எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். அதுபோல, இந்தியா முழுவதற்குமான எண்ணைச் சென்னை மாகாணத்துக்குரியதாக எழுதிவிடாதீர்கள். நான் திருத்தும் தாள்களில் இந்தத் தவறு ஓயாமல் வருகிறது.

அறிகுறி: முன்னுரை எந்தக் கட்டுரைக்கும் பொருந்துகிறது

“இந்தியா ஒரு வேளாண்மை நாடு”, “மனிதன் தோன்றிய காலம் முதல்” என்று தொடங்கியிருந்தால், தலைப்பை மாற்றிவிட்டு முன்னுரையைப் படித்துப் பாருங்கள். புதிய தலைப்புக்கும் அது பொருந்தினால் முழுவதையும் நீக்குங்கள். பெரும்பாலும் இரண்டாம் பத்தியே உண்மையான தொடக்கமாக இருக்கும்.

அறிகுறி: சொல் எண்ணிக்கை எட்டவில்லை, அல்லது எட்டிவிட்டது ஆனால் நீர்த்திருக்கிறது

எட்டாதபோது மாணவர் வாக்கியங்களை நீட்டுகிறார். குன்றக் கூறலைச் சரிசெய்யப் போய் மிகைபடக் கூறலில் விழுகிறார். “என்பது குறிப்பிடத்தக்கது”, “என்றால் அது மிகையாகாது”, “என்பதை நாம் அனைவரும் அறிவோம்” போன்ற தொடர்களை ஒருமுறை தேடி அடிக்கோடிடுங்கள். அவற்றை நீக்கியும் பொருள் குறையவில்லையென்றால் அவை வெற்றெனத் தொடுத்தவை.

உண்மையில் கட்டுரை குட்டையாக இருப்பதற்கு வழக்கமான காரணம், எதிர்த்தரப்பு அதில் இல்லாமையே. மைய அரசு அப்படி நடந்துகொண்டதற்கு அது சொன்ன காரணங்கள் இருந்தன: அரசே தானியம் வாங்கி விற்கத் தொடங்கினால் தனியார் வணிகர் பின்வாங்கிவிடுவர் என்ற அன்றைய பொருளியல் நம்பிக்கை ஒன்று, பீகார்ச் செலவு எழுப்பிய கண்டனம் மற்றொன்று. அவற்றை அவர்களே ஒப்புக்கொள்ளும் வலிமையோடு ஒரு பத்தியில் எடுத்துரைத்து, அடுத்த பத்தியில் ஏன் அவை போதாவென்று நிறுவுங்கள். எண்ணிக்கையும் எட்டும், படிப்பவரின் மதிப்பும் கூடும்.

அறிகுறி: சென்று தேய்ந்து இறுதல்

முதல் மூன்று பக்கம் அழுத்தமாகவும், கடைசிப் பக்கம் அவசரமாகவும் இருக்கும். கைப்பிரதியில் இது கையெழுத்திலேயே தெரியும். கட்டுரையின் ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை சொற்கள் செலவாகியிருக்கின்றன என்று எண்ணுங்கள். பஞ்சத்தின் பின்னணிக்கு 900 சொற்களும் நிவாரணக் கொள்கையை மதிப்பிடுவதற்கு 500 சொற்களும் சென்றிருந்தால், பிழை நான்காம் படியில் நேர்ந்தது. வினா கேட்டதற்கு மிகுதியான இடத்தை ஒதுக்கி வரிசையைப் புதிதாகத் திட்டமிடுங்கள். சொற்கள் சரியாகப் பிரிந்திருந்தும் கடைசிப் பகுதி மெலிந்திருந்தால் காலம் போதவில்லை. மூன்று வாரத்தில் முதல் வாரத்தை வாசிப்புக்கும் இரண்டாவதை வரைவுக்கும் கொடுத்து, வரைவை இரண்டு நாள் பார்க்காமல் வைத்திருந்து, எஞ்சிய நாள்களைத் திருத்தத்துக்குக் கொடுங்கள். பார்க்காமல் வைத்திருந்த அந்த இரண்டு நாள் உங்களைப் பிறர் கண்ணோடு படிக்க வைக்கும்.

முடிவுரை முன்னுரையின் மறுபதிப்பாக இருந்தால் அது கூறியது கூறல். நிறுவிய வாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரடி முன்னே வையுங்கள்: 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்ததையும் பஞ்சக் காலத்தில் அரசு செய்ய வேண்டியவற்றை வகுத்த பஞ்ச விதித்தொகுப்பு 1883இல் உருவானதையும், நீங்கள் விவரித்த இழுபறியின் வெளிச்சத்தில் எப்படிப் புரிந்துகொள்வது என்று காட்டுங்கள்.

அறிகுறி: வாக்கியம் நடுவழியில் திசைமாறுகிறது

மொழித் திருத்தத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நீக்கப்படவிருக்கும் பத்தியில் ஒற்றுப்பிழை பார்ப்பது வீண் உழைப்பு. இனி அதற்கு வருவோம்.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: “டெம்பிள் மாகாணத்துக்கு வந்து கூலி குறைக்கப்பட்டு மக்கள் முகாம்களை விட்டு வெளியேறி நோய் பரவி இறந்தனர்.” வந்தவர் ஒருவர், குறைக்கப்பட்டது கூலி, வெளியேறியவர் மக்கள், பரவியது நோய். “செய்து” என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலுக்குரிய வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்பது இலக்கணம். இங்கே நான்கு வினைமுதல்கள் ஒரே சங்கிலியில் கட்டப்பட்டு, கடைசி வினைமுற்று எவருக்கும் முழுதாகச் சேராமல் தொங்குகிறது. நீண்ட வாக்கியம் எழுதுவதில் தவறில்லை, ஆனால் ஒவ்வொரு எச்சத்தையும் தொட்டு “யார்?” என்று கேளுங்கள். விடை மாறும் இடத்தில் வாக்கியத்தை முடியுங்கள், அல்லது “குறைக்கவே”, “வெளியேறியபின்” என்று எச்சத்தின் வடிவை மாற்றுங்கள்.

“குறைக்கப்பட்டது”, “கருதப்பட்டது”, “மேற்கொள்ளப்பட்டது” என்ற செயப்பாட்டு வினைகளிலும் அதே “யார்?” என்ற கேள்வியைக் கேட்க வேண்டும். கூலி குறைக்கப்பட்டது என்று மட்டும் எழுதினால் குறைத்தவர் கல்கத்தாவா சென்னையா என்பது மறைகிறது. நம் மைய வாதமே அந்த வேறுபாட்டில் நிற்பதால், இங்கே இலக்கண வடிவம் வாதத்தையே விழுங்கிவிடுகிறது. நன்னூலார் மயங்க வைத்தல் என்று சொன்னது இத்தகைய இடங்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. செய்தவர் தெரிந்திருந்தால் அவரை எழுவாயாக்கி எழுதுங்கள்.

“நடவடிக்கைகள் எடுக்கப்பட்டது” போன்ற ஒருமை பன்மை மயக்கத்தையும், விடுபட்ட வல்லொற்றுகளையும் கண்ணால் மட்டும் தேடாதீர்கள். கட்டுரையை வாய்விட்டுப் படியுங்கள். நா தடுமாறும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு நிற்காமல் மேலே செல்லுங்கள், முழுதும் படித்தபின் புள்ளிகளுக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: திருத்தி வந்த தாளில் உள்ள குறிப்பு விளங்கவில்லை

“விளக்கம் போதாது” என்று ஓரத்தில் இருந்தால், அங்கே ஒரு கூற்று இருக்கிறது, ஆதாரம் இல்லை. “அதனால் என்ன?” என்று இருந்தால், ஆதாரம் இருக்கிறது, அது எந்தக் கூற்றுக்குரியது என்று சொல்லப்படவில்லை. வெறும் கேள்விக்குறி மட்டும் இருந்தால் பெரும்பாலும் வாக்கியம் உடைந்திருக்கிறது. எதுவும் எழுதாமல் மதிப்பெண் மட்டும் தரப்பட்டிருந்தால், முன்பு சொன்ன பத்தி வாக்கியங்களின் தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியரை அவருடைய ஓய்வு நேரத்தில் சந்தியுங்கள். “ஐயா, மதிப்பெண் ஏன் குறைந்தது?” என்று கேட்பதைவிட, “அம்மா, நான்காம் பத்தியில் இதை நிறுவ நினைத்தேன், படிக்கும்போது உங்களுக்கு அது விளங்கியதா?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஆசிரியர் தம் முடிவை நியாயப்படுத்த வேண்டியிருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு அவர் பேனாவை எடுத்து, அந்தத் தாளிலேயே எழுதிக் காட்டத் தொடங்குகிறார்.